இல்லத்து ஒலிப்பதிவும் டிரம் வாத்தியமும்

நம் கல்லூரி மாணவருள் இசைப்பற்று உடையார் பலர் இக்காலத்தில் தத்தம் இல்லங்களிலேயே பாட்டுக்களைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கின்றனர். ஒரு கம்ப்யூட்டரும், இரண்டு மைக்குகளைச் செருகுதற்கு இடந்தரும் சிறு இன்டர்பேஸ் பெட்டியும், காதிலணியும் ஹெட்போனும் இருந்தாற் போதும். முன்னாளில் சென்னைக்குச் சென்று, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்யவேண்டியிருந்ததனை இன்று வீட்டு முன்னறையிற் செய்துவிடலாம். இது மகிழ்தற்குரியதே. ஆயினும் இம்மகிழ்ச்சியினூடே ஒரு குறை வளர்ந்து வருதலைக் கண்டு நாம் வாளாவிருத்தல் இயலவில்லை. பாடுவாரைப் பதிகின்றனர், கிட்டார் வாசிப்பாரைப் பதிகின்றனர், கீபோர்டு வாசிப்பாரையும் பதிகின்றனர். டிரம் வாசிப்பாரை மட்டும் விலக்கிவிடுகின்றனர். அவருக்கு ஈடாக, யாரோ எங்கோ அடித்துவைத்த தாளத் துண்டுகளைக் கம்ப்யூட்டரினின்று எடுத்து ஒட்டிக்கொள்கின்றனர். ஏனென்று வினவினால், "டிரம் செட்டுக்கு எட்டு மைக்கு வேண்டும்; எம்மிடம் உள்ளன இரண்டே வாயில்கள்" என்பது விடையாக வருகின்றது.

இவ்விடை பொருந்தாது என்பதே நம் கருத்து. எட்டு மைக்கு இருப்பின் நன்று என்பதை நாம் மறுக்கவில்லை. இரண்டேயுள்ளவன் டிரம்மைப் பதிதலாகாது என்பதைத்தான் மறுக்கின்றோம். அங்ஙனம் எண்ணி விலக்கிவிடுதலால் நேரும் இழப்பு, பாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஆளுக்கும் உரியது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடற்குழுவுக்குப் பின்னே அமர்ந்து வாசிக்கும் இளைஞன், தன் குழுவின் பாட்டுப் பதிவு வெளிவரும்போது அதில் தன் கையொலி ஒன்றேனும் இல்லாமையைக் காண்கின்றான். அவன் வாய்திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு அவன் வருவதும் இல்லை.

குறைந்த கருவிகொண்டு ஒலியைப் பிடித்தல் புதிய இடுக்கணன்று. ஒலிப்பதிவு பிறந்தபொழுதே உடன்பிறந்தது அது. 1925ஆம் ஆண்டுக்கு முன் மின்சார மைக்கு இசைத்தட்டுத் தொழிலில் வழங்கவில்லை. பெரியதொரு தகரக் குழல்வாயின் முன் பாடகரும் வாத்தியக்காரரும் கூடிநிற்பர். அக்குழல் ஒன்றே வாயில். உரத்த வாத்தியம் பின்னே தள்ளி அமரும்; மெல்லிய குரல் முன்னே நெருங்கி நிற்கும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் மெழுகுத் தட்டிற் கீறும் ஊசி துள்ளிவிடும் என்பதனால், மேனாட்டு ஜாஸ் குழுக்களில் டிரம் வாசிப்போர் பலர் பெரிய முழவை விடுத்து, மரக்கட்டையையும் சிறு மணியையும் தட்டிப் பதிவு செய்ய நேர்ந்தது. நம் நாட்டில் 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த காலத்துப் பேசும்படங்களிலும், நடிப்பவரே பாட, வாத்தியக்காரர் படக்கருவியின் கண்ணுக்குப் படாமல் அருகே மறைந்திருந்து வாசித்தலே வழக்கம். அன்று ஒலிகளின் அளவைச் சமன்செய்தது பொத்தானன்று. ஒருவர் எத்தனை அடி தள்ளி அமர்ந்தார் என்பதே. இந்தத் தொலைவு அறிவையே நம் மாணவர் மீட்டும் கற்கவேண்டும் என்கின்றோம்.

மைக்குகள் பெருகிய பின்னரும் பெரியார் சிலர் இச்சிக்கனத்தை விட்டாரல்லர். 1968ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் லெட் செப்பலின் குழுவினரின் முதல் இசைத்தட்டினைப் பதிந்த கிளின் ஜான்ஸ் என்பார், டிரம் செட்டு முழுவதற்கும் மூன்று நான்கு மைக்குகளே வைத்தார். அவர் வைத்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அக்குழுவின் நான்காம் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. அதன் இறுதிப் பாட்டுக்கு ஜான் பான்ஹம் வாசித்த டிரம், ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் மேலிருந்து தொங்கவிட்ட இரண்டே மைக்குகளாற் பதியப்பட்டது. அந்தப் பேரொலியைத் தம் பாட்டில் வெட்டி ஒட்டிக்கொண்ட பிற்காலத்தார் எத்தனையோ பேர். இரண்டு மைக்கு! நம் மாணவர் இல்லத்திலும் இருப்பவை அவ்விரண்டே. இல்லாதன, அந்த உயர்ந்த கூடமும் பான்ஹம் என்பாரின் கையுமே ஆம். ஆதலின் முதற்கண் கவனிக்கத்தக்கன அறையும் கையும் வாத்தியமும் என்பதும், மைக்கு நான்காம் இடத்ததே என்பதும் இதனாற் பெறப்படும்.

வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் மிருதங்க வித்துவான்கள் கச்சேரிக்கு முன் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தொப்பியில் ரவையை அப்பிப் பதம் பார்ப்பர். வலந்தலையைக் கல்லாலும் கட்டையாலும் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி கூட்டுவர். அது முடிந்தாலன்றி வாசிக்கத் தொடங்கார். மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய பசை ஏற்றியிருப்பதனால் அதன் மேலொலிகள் நரம்பிசைபோல் ஒழுங்குபட அமைகின்றன என்பதனைச் ஸர் சி. வி. ராமன் 1920இல் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னும் 1934ஆம் ஆண்டளவில் விரிவாக எழுதினார். மேனாட்டு டிரம்முக்கு அப்பசை இல்லை. வெறும் வட்டத் தோலின் மேலொலிகள் அடியொலிக்கு ஏறக்குறைய 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒவ்வாமல் எழும். அதனாலேயே சுருதி கூட்டாத ஸ்நேர் தகர டப்பாவைப் போல் ஒலிக்கின்றது, டாம் ஊளையிடுகின்றது. ஆயினும் நம் இளைஞரிற் பலர் டிரம் செட்டின் சாவியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கையில் எடுப்பதில்லை! தோலைச் சுற்றியுள்ள திருகுகளை எதிரெதிராக ஒவ்வொன்றாய்ச் சமமாக முறுக்கி, ஒவ்வொரு திருகின் அருகும் விரலாற் சுண்டிப் பார்த்து, எங்கும் ஒரே ஒலி கேட்கும்வரை திருத்தவேண்டும். அதன் பின்னும் முழக்கம் மிகுமாயின் ஸ்நேரின் ஓரத்தில் ஒரு கைக்குட்டையை மடித்து வைக்கலாம். கிக் டிரம்மின் வயிற்றில் ஒரு தலையணையை இடலாம். 1966இல் பீட்டில்ஸ் குழுவினரைப் பதிந்த ஜெஃப் எமெரிக் என்பார் கிக் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து மைக்கை நெருக்கி வைத்தார் எனின், நம் வீட்டுப் பழந்தலையணைக்கு யாது குறை?

இனி, இடம். சென்ற ஆண்டு நம் மாணவர் நால்வர் கிறிஸ்து பிறப்புக் கீதங்கள் சிலவற்றைத் திருவாண்டார்கோயிலில், அவருள் ஒருவரது இல்லத்து முன்னறையிற் பதிவு செய்தனர். ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற வடுகூர் இதுவே; சோழர் காலத்துக் கற்றளியாகிய பஞ்சநதீஸ்வரர் கோயில் இங்குள்ளது. புதுச்சேரியினின்று விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்வதால் லாரிகளின் இரைச்சல் ஓயாது. அவ்வறை பன்னிரண்டு அடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம், தரை வழவழப்பான டைல், கூரை கான்கிரீட், சுவரெல்லாம் வெறுஞ்சுவர். கைதட்டினால் அவ்வொலி சுவருக்குச் சுவர் தாவி, பித்தளைத் தாம்பாளம் உருண்டாற்போல் அதிர்ந்து அடங்கும். தொடக்கத்தில் அவர்களும் கம்ப்யூட்டர்த் தாளத்தையே ஒட்டுவதாக இருந்தனர். அவர்களுள் ஒருவரின் அண்ணன் பல்லாண்டாக ஆலயத்தில் டிரம் வாசிப்பவர், "நான் வீட்டில் இருக்கும்போதே எனக்குப் பதில் பெட்டியா?" என்று அவர் கேட்ட கேள்வியே செட்டினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரச் செய்தது.

அவர்கள் செய்தவற்றை இங்கே விரித்துக் கூறுதல் பயனுடைத்து. தரையில் முதலில் ஜமுக்காளம் விரித்தனர். இல்லையேல் கிக் டிரம், பெடலை மிதிக்குந்தோறும் டைலின்மேல் முன்னோக்கி வழுகிச் செல்லும். பின்சுவரில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்தனர். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்தனர். செட்டுக்கு நேர்மேலே கூரையிற் பட்டு மீளும் ஒலி மைக்கைக் கெடுக்கும் என்பதனால், கொடிக் கயிறு கட்டி ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டனர். உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டமையால் ஒலி ஓட ஓர் இடம் கிடைத்தது. மின்விசிறியை நிறுத்தினர், காற்று மைக்கில் மோதினால் இடி உறுமுவதுபோல் அடியொலி ஏறிவிடும். லாரி இரைச்சலைப் பற்றி மட்டும் கவலை கொள்ளவில்லை. அது சரியே. பாடகர் குரலைப் பதியுங்கால் அவ்விரைச்சல் கொடிய பகை. டிரம்மின் பேரொலி முன் அது கேட்பதே அரிது. அண்டை வீட்டாரிடம் முன்னரே சொல்லிப் பிற்பகல் இரண்டு மணிநேரம் கேட்டு வாங்கினர். மாலைப் பூஜை வேளைக்கு முன் முடித்தனர். இந்த மரியாதையும் ஒலிப்பதிவின் ஒரு பகுதியே என்பது நம் துணிபு.

முதலில் ஒரே மைக்கு வைத்துப் பார்த்தனர். அதனை எங்கு வைப்பது? இதற்குக் கருவி வேண்டுவதில்லை. டிரம் வாசிப்பவர் வாசித்துக்கொண்டே இருக்க, மற்றொருவர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றைக் காதினாற் கேட்டவாறே செட்டைச் சுற்றி மெல்ல நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்ப்பார். கிக், ஸ்நேர், ஹை-ஹாட், சிம்பல் யாவும் அளவாகக் கேட்கும் ஓரிடம் எங்கேனும் அகப்படும். அக்காது இருந்த இடமே மைக்கின் இடம். இவர்களுக்கு அது செட்டுக்கு முன்னே நான்கடித் தொலைவில், வாசிப்பவரின் மார்பளவு உயரத்தில் அமைந்தது. அந்த ஒரே மைக்கிற் பதிந்ததைக் கேட்ட அவ்வண்ணன் தம் வாசிப்பின் குற்றத்தைத் தாமே கண்டுகொண்டார்: ஹை-ஹாட்டை மிகையாக அடிக்கின்றார், ஸ்நேரை மிருதுவாக அடிக்கின்றார். ஆலயத்தில் எட்டாண்டு வாசித்தும் அவருக்கு இது தெரிந்ததில்லை. எட்டு மைக்கு இருந்திருப்பின், பதிபவன் ஹை-ஹாட்டின் அளவைப் பொத்தானாற் குறைத்துவிட்டு வாளாவிருந்திருப்பான். வாசிப்பவர் என்றும் அறிந்திரார்.

இரண்டாம் மைக்கை எங்கு வைப்பது என்பதில் இரு கொள்கைகள் உண்டு. இரண்டையும் மேலே வைத்து இடமும் வலமுமாகப் பரந்து கேட்கச் செய்தல் ஒன்று. ஒன்றை மேலேயும் மற்றதைக் கிக் டிரம்மிடத்தும் வைத்தல் மற்றொன்று. முதல் முறையில் அளவு தவறலாகாது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்வது; ஸ்நேரினின்று ஒரு மைக்கு மற்றதைவிட ஓரடி மிகையான தொலைவில் இருந்தால், ஒலி அதற்கு ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தொரு பங்கு பிந்திச் சேரும். அற்பம் என்று தோன்றும். ஆனால் இரண்டையும் கூட்டிக் கேட்கும்போது, 570 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள அலை ஒன்றில் ஏறுகையில் மற்றதில் இறங்குகின்றது. ஆகவே ஒன்றையொன்று அழிக்கின்றது. ஸ்நேரின் ஒலியில் ஒரு பகுதி அங்கே உள்ளது. 'என் மைக்கு மலிவு. அதனால் ஒலி மெலிவு' என்று வருந்துவார் பலரது நோய் மலிவன்று, இதுவே.

மருந்து ஒரு நூல். நூலின் ஒரு நுனியை ஸ்நேரின் நடுவிலும், மற்றை நுனியைக் கிக் டிரம்மிற் கட்டை வந்து அடிக்கும் இடத்தின் நேரிலும் ஒட்டுக. ஸ்நேருக்கு நேர்மேலே இரண்டு டிரம் குச்சிகளின் நீளத்தில், அதாவது ஏறக்குறைய முப்பத்திரண்டு அங்குல உயரத்தில், முதல் மைக்கை நிறுத்தி, நூலை அதன் முகம்வரை இழுத்து, முகம்பட்ட இடத்தை விரலாற் பற்றுக. பற்றிய விரலைத் தளர்த்தாமல் நூலை வாசிப்பவரின் வலத்தோளுக்கு மேலே கொண்டுசென்று, இரு பாகமும் விறைப்பாக நிற்கும் இடத்தில் இரண்டாம் மைக்கை நிறுத்துக. இப்பொழுது ஸ்நேரினின்று இரு மைக்குக்கும் தொலைவு ஒன்றே, கிக்கினின்றும் ஒன்றே. தச்சனுக்கும் கொத்தனுக்கும் உதவும் நூல் இசைவாணனுக்கும் உதவுகின்றது.

ஆயினும் ஆலயப் பாட்டுக்கும், நாட்டார் மெட்டில் அமைந்த பாட்டுக்கும் நாம் இரண்டாம் கொள்கையையே விரும்புகின்றோம். இட வலப் பரப்பு செவிக்கு இன்பமே. ஆனால் இப்பாட்டுக்களைக் கேட்போரிற் பெரும்பாலார் செல்போனின் ஒற்றை வாயிற் கேட்கின்றனர். அங்கே பரப்பு எங்ஙனம் தோன்றும்? கிக் டிரம்மின் அடி திருத்தமாகக் கேளாதவழிப் பாட்டு நிலத்திற் காலூன்றாமல் மிதக்கின்றது. திருவாண்டார்கோயிலார் முதல் மைக்கை அவ்விடத்தே விடுத்து, இரண்டாவதைக் கிக் டிரம்மின் முன்தோலிலுள்ள துளைவாயில் ஒரு சாண் தள்ளி வைத்தனர். பின்னர், இரண்டில் ஒன்றின் முனையைத் தலைகீழாக மாற்றும் பொத்தானை மென்பொருளில் ஒருமுறை அழுத்தியும் ஒருமுறை விடுத்தும் கேட்டனர். எந்நிலையில் கிக் கனத்துக் கேட்கின்றதோ அதனையே கொண்டனர். இச்சோதனைக்கு வேண்டுவது அரை நிமிடம். இதனைச் செய்யாதாரே மிகுதி.

ஒலியளவு பற்றி ஒரு சொல். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றுதல் பழைய டேப் காலத்துப் பழக்கம். 24 பிட்டிற் பதியும் இக்காலத்தில், மிக ஓங்கிய அடியும் உச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்தலே நன்று. ஒத்திகையில் மெல்ல அடிப்பவர் பாட்டின் வேகத்தில் ஓங்கி அடிப்பார் என்பதை மறவற்க.

இனி நம்மோடு மாறுபடுவார் கூற்றையும் நோக்குவோம். 'குறைந்த மைக்கிற் பதிந்தால் பின்னர்த் திருத்த இயலாதே. டாம் மட்டும் சிறிது ஏறவேண்டுமெனில் என் செய்வது?' என்பர். உண்மை, ஒன்றும் செய்ய இயலாது. மீட்டும் வாசிக்கத்தான் வேண்டும். மெட்டல் முதலிய வன்மை மிக்க இசைக்கு ஒவ்வோர் உறுப்புக்கும் தனி மைக்கு இன்றியமையாதது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் நம் மாணவர் பதியும் பாட்டுக்களில் எத்தனை அத்தகையன?

'ஏ. ஆர். ரஹ்மான் அவர்களே கம்ப்யூட்டரில் தாளம் அமைத்தாரன்றோ?' என்பார் வேறு சிலர். அவர் 1989இல் தம் இல்லத்தின் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் பதிவுக்கூடம் அமைத்ததும், 1992இல் 'ரோஜா'வின் பாட்டுக்கள் அங்கிருந்து வெளிவந்து நாட்டையே வியப்பித்ததும் யாவரும் அறிந்தன. இல்லத்திற் பதிவோர்க்கெல்லாம் அவர் முன்னோடி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தாளத்தைத் தாமே கற்பித்து அமைத்தார். சிவமணி போன்ற கைவாத்தியக்காரரை விட்டுவிடவும் இல்லை. பெட்டி வேறு, சோம்பல் வேறு.

வாயில் இரண்டேயாதலால் யாவரும் ஒருங்கே வாசித்தல் இயலாதென்பது மெய்யான இடையூறு. அதற்கு வழி, கிட்டாரையும் ஒரு குரலையும் வழிகாட்டிப் பதிவாக முதலிற் செய்து, அதனை ஹெட்போனிற் கேட்டுக்கொண்டே டிரம் வாசித்தல். அதன்மேல் ஏனையோர் ஒருவர்பின் ஒருவராகச் சேர்தல். காதை முழுதும் மூடும் ஹெட்போனாக இருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் வற்புறுத்துகின்றோம்: வழிகாட்டிப் பதிவில் மெட்ரோனோமின் 'டிக் டிக்'கை மட்டும் வைத்துப் பாட்டை விடுத்தல் ஆகாது. பாடுபவர் எங்கே மூச்சு வாங்குகின்றார் என்பதைக் கேட்டு, அங்கே அடியைச் சற்றுத் தாழ்த்துபவனே டிரம் வாசிப்பவன். ஒட்டிய துண்டுக்கு அது தெரியாது. திருவாண்டார்கோயிற் பதிவில் இரண்டாம் கீதத்தின் சரணத்துக்கு முன் அவ்வண்ணன் ஓரடியை அடிக்காமலே விட்டார். அந்த வெற்றிடத்தில் பாடகியின் மூச்சுக் கேட்கின்றது. அப்பதிவில் நமக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே.

இது தொடர்பாக நம் கல்லூரி ஆட்சியாளர்க்கும், பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. புத்தகம் வாங்க இயலாத மாணவனுக்கு நூலகம் இருக்கின்றது. மைக்கு வாங்க இயலாதவனுக்கு ஒன்றும் இல்லை. சாதாரண டைனமிக் மைக்கு ஒன்று, கன்டென்ஸர் மைக்கு ஒன்று, அதற்கு 48 வோல்ட் மின்சாரம் ஊட்டவல்ல இரண்டு வாயிற் பெட்டி ஒன்று, தாங்கு கால்கள் இரண்டு, வேண்டிய கேபிள்கள்: இவ்வளவே ஒரு தொகுதி. இத்தகைய தொகுதி இரண்டினை இசைச் சங்கத்தின் பொறுப்பில் வைத்து, வெள்ளிக்கிழமை மாலையிற் கொடுத்துத் திங்கட்கிழமை காலையில் மீட்டுக்கொள்ளலாம். முன்பணம் கேட்க வேண்டாம், புத்தகத்துக்குக் கேட்கின்றோமா? தொகுதியோடு ஒரு பந்து நூலும் வைக்கவேண்டும். கடன்பெறுவோர் கையொப்பமிடும் ஏட்டில், பதியப்போகும் பாட்டின் பெயருக்கு நேரே, அதற்கு டிரம்மோ தவிலோ பறையோ மிருதங்கமோ வாசிப்பவர் யார் என்று எழுதுதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும்.